மஞ்சள் தண்ணீரும் சுவருக்கு அந்தப்புறத்துச் சின்னப் பெட்டியும்

பினாங்குப் பாலத்தை நான் கட்டவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைப் பெருமையடிக்கிறவன் என்று யாரும் சொல்லக்கூடாது.

மற்றபடி இந்தத் தீவில் நான் கட்டியவை ஏராளம். ஆயர் ஈத்தாமில் ஒரு சரிவான சந்து. நாற்காலியை வைத்துவிட்டுக் கையை எடுத்தால் அது தானாகவே கீழே சந்தை இருக்கும் பசார் வரைக்கும் போய்விடும். அந்த இடத்தில் மாப்பிள்ளை சாயாமல் உட்காரும்படி மணமேடை கட்டினேன். கெலுகோரில் வானம் கிழிந்து கொட்டிய ஒரு நாளில், பெண்ணின் புடவையில் ஒரு சொட்டு விழாமல் தாலி ஏறியது. கடல் தாண்டி, அக்கரைப் பிறையில் கண்டெய்னர் லோரிகள் ஒரு பக்கம் உறுமிக்கொண்டு போக, மறுபக்கம் ஊரே உட்கார்ந்து சாப்பிடும்படி பந்தல் போட்டேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் நான் போட்ட தண்ணீர்ப்பந்தல்களில் மோர் குடிக்காதவர் யாரும் இந்த ஊரில் இருந்தால், அவர் காவடியையே பார்க்காதவர்.

அதெல்லாம் இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். மறுநாளே பிரித்தாகிவிட்டது. என் தொழில் அப்படி. கெனோப்பிக் கூடாரம், மேஜை, நாற்காலி, அண்டா, சாப்பாட்டு மங்கு எல்லாம் வாடகைக்குக் கொடுப்பது. மாளிகை கட்டுகிறவன் ஒரு தடவை கட்டிவிட்டுப் போய்விடுகிறான். நான் வாராவாரம் கட்டி, வாராவாரம் பிரிக்கிறேன். எது பெரிய வேலை என்று நீங்களே சொல்லுங்கள்.

படிப்பா? தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. அதுவும் வகுப்புக்குள் இருந்ததைவிட வெளியே நிறுத்தப்பட்டதுதான் அதிகம். ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: இராஜமாணிக்கம் வாக்குக் கொடுத்த பந்தல் எழும்பாமல் போனதாக இந்தத் தீவிலும் அக்கரையிலும் ஒருவரும் சொல்ல முடியாது.

நான் உண்டாக்கியவற்றில் ஒன்றே ஒன்றுதான் பிரிக்கப்படாமல் இன்றும் நிற்கிறது. அது ஒரு சுவரில் நான் போட்ட ஓட்டை. அதைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன்.

எங்கள் கடைக்கு வரும் விசேஷங்கள் எல்லாம் ஒரு காலத்தில் என் தலைக்குள்ளும், ஆபீசில் மாட்டிய வெள்ளைப் பலகையிலும் இருந்தன. என் மனைவி பாக்கியத்துக்கு இந்த ஏற்பாட்டில் நம்பிக்கை இல்லை. (அவளுக்கு என் எந்த ஏற்பாட்டிலும் நம்பிக்கை இல்லை, அது வேறு.) பிறகு என் மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் தேன்மொழி வந்தாள். பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. டேட்டாபேஸ் என்றால் கம்பெனியின் கணக்கு வழக்கு எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்த கிட்டங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் ஆபீசுக்கு வந்து பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அடுத்த மாதமே ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி வந்து இறங்கிவிட்டது.

ஆரம்பத்தில் அது ஆமை. விசேஷ மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் போன் மேல் போன் வரும். நான் ஒரு விரலால் ஒரு பந்தலைப் பதிவு செய்துவிட்டு நிமிர்ந்தால், திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"ஏம்மா, இது என்ன செய்யுது உள்ள?"

"மாமா, நீங்க ஒரு புக்கிங் போட்டா, அத முதல்ல ஜேர்னல்னு ஒரு நாட்குறிப்புல எழுதும். அதுக்கப்புறம்தான் டேட்டாபேஸ்ல உள்ள இடத்தில கொண்டு போய் வைக்கும்."

"ஒரே வேலையை ரெண்டு தடவை செய்யற மெஷினையா வாங்கிட்டு வந்த? அதுக்கு நம்ம மணியமே போதுமே!"

மணியம் எங்கள் லோரி டிரைவர். பக்கத்திலேயே நின்றான். "நான் ஒரு தடவை செய்யறதே பெரிசு லா, தவுக்கே" என்று ஒத்துக்கொண்டான். (தவுக்கே என்றால் முதலாளி.)

தேன்மொழி பொறுமைசாலி. பழைய இசைத்தட்டைப் போலப் பெட்டிக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது, அதன் மேல் ஊசி மாதிரி ஒன்று ஓடுகிறது என்று விளக்கினாள். ஜேர்னலும் டேட்டாபேஸும் ஒரே தட்டில் இருந்தால், அந்த ஊசி இங்கே ஒரு வரி எழுதி, அங்கே ஓடி, மறுபடி இங்கே ஓடி வர வேண்டும்.

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. பந்தியில் ஒரே ஆளிடம் சோற்று வாளியையும் கொடுத்து, யார் யாருக்கு வைத்தாய் என்று வாசலில் போய்ச் சொல்லிவிட்டும் வா என்றால் என்ன ஆகும்? மாப்பிள்ளை வீட்டார் பட்டினியோடு எழுந்து போவார்கள். "அப்ப ரெண்டு ஆள் போடும்மா!" என்றேன்.

"அதத்தான் மாமா சொல்ல வந்தேன்."

(வந்தாளாம். முதலில் சொன்னது யார்?)

அவள் இன்னொரு சின்னப் பெட்டி வாங்கி வந்தாள். ஜேர்னல் முழுவதும் இனி அதில். அதற்கென்று தனித் தட்டு, தனி ஊசி. அது எங்கேயும் தாவ வேண்டியதில்லை. நடந்ததை நடந்த வரிசையில், ஒரே கோடாக, திரும்பிப் பார்க்காமல் எழுதிக்கொண்டே போகும். அன்றைக்கே பெரிய பெட்டி குதிரையாகிவிட்டது. நான் விரலை எடுப்பதற்குள் பதிவு ஏறிவிடும்.

"வேகத்துக்கு மட்டும் இல்ல மாமா. பெரிய பெட்டிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, மாச ஆரம்பத்தில நான் எடுத்து வச்ச காப்பி வீட்டில இருக்கு. அதுக்கப்புறம் நடந்தது எல்லாம் இந்தச் சின்னதில இருக்கு. ரெண்டையும் சேர்த்தா எல்லாம் திரும்பி வந்துரும்."

"இராஜமாணிக்கம் கடையில ஒன்னும் ஆகாது" என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

சின்னப் பெட்டி பெரிய பெட்டிக்குப் பக்கத்தில், அலமாரியில் உட்கார்ந்திருந்தது. அங்கேதான் எனக்கும் அதற்கும் தகராறு. ஆயுத பூஜைக்கு லட்சுமி, சரஸ்வதி, முருகன் மூவரும் ஒன்றாக இருக்கிற படம் ஒன்றைக் கதவு அளவுக்குச் சட்டம் போட்டு வாங்கியிருந்தேன். அதை வைக்க அந்த அலமாரிதான் தோது. ஒரு பச்சை விளக்கைக் கண்ணடித்துக்கொண்டு, யாரும் எடுத்துப் படிக்காத ஒன்றை எழுதிக்கொண்டு, சாமி உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்திருந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

"இதை அந்தப் பக்கம் தள்ளு."

"கேபிள் எட்டாது மாமா."

"எட்டற கேபிள் வாங்கு."

நானே டிரில்லை எடுத்துப் பலகைச் சுவரில் ஓட்டை போட்டேன். சுவருக்கு அந்தப்புறம் மங்கு அடுக்கி வைக்கிற அறை. அங்கே, கவிழ்த்து வைத்த அண்டா ஒன்றின் மேல் சின்னப் பெட்டி குடியேறியது. தேன்மொழி ஓட்டையைப் பார்த்தாள், அந்தப்புறம் போய்ப் பார்த்தாள், கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "பரவால்ல மாமா" என்று சிரித்துவிட்டுப் போனாள். இந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிக்கு வேண்டியிருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. மறுநாள் முகூர்த்த நாள். அதற்கான பந்தல்கள் எல்லாம் பூஜை முடிந்த கையோடு பிற்பகலில் லோரி ஏறி, சாயங்காலத்துக்குள் நின்றாக வேண்டும். காலையிலிருந்தே கல்யாண வீட்டுப் பெண்கள் மாற்றி மாற்றிப் போன் செய்தார்கள். ஒருவருக்கு நாற்காலி கூட வேண்டும், ஒருவருக்கு அண்டா போதாது, ஒருவருக்கு இடமே மாறிவிட்டது. நான் பாட்டுக்கு ஒற்றை விரலால் பதிந்துகொண்டே இருந்தேன். எதையும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. இனிமேல் மனசு எதற்கு? பழைய வெள்ளைப் பலகையைக்கூடத் துடைத்துவிட்டு, அதில் 'ஆயுத பூஜை வாழ்த்துகள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, சுற்றிப் பூவும் வரைந்து வைத்தேன்.

தேன்மொழிக்கு அன்று வேலை. போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள்: "மாமா, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் மட்டும், மூடி மேல ஒரே ஒரு பொட்டு. தண்ணி வேணாம்."

லோரிகளுக்குப் பொட்டு வைத்தேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், வாசலில் பூசணிக்காய். இரும்புக் கம்பங்கள், சுத்தியல், ஜெனரேட்டர், அண்டா, கரண்டி வரைக்கும் மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். கடைசியில் பெரிய பெட்டியிடம் வந்தேன். மனசு கேட்கவில்லை. கரண்டிக்கே மஞ்சள் தண்ணீர். கடையையே நடத்துகிற இதற்கு ஒரே ஒரு பொட்டா? அதுவும் மூடியின் மேலா? மூடிக்குப் பொட்டு வைத்தால் அருள் மூடிக்குத்தானே போகும்?

பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன்.

"தவுக்கே, இது கரண்டு சாமான் லா" என்றான் மணியம்.

"ஜெனரேட்டர் மட்டும் என்ன? அதுக்குத் தெளிக்கலையா?"

"அது ஓடல, தவுக்கே. இது ஓடுது."

"பூஜை நேரத்தில தொழில நிறுத்துவாங்களாடா?"

மாவிலையை நன்றாகச் சொம்புக்குள் முக்கி, முருகா என்று ஒரு வீசு வீசினேன். கொஞ்சம் தாராளமான வீச்சுதான். நான் எதிலும் கஞ்சத்தனம் செய்கிறவன் இல்லை.

'டப்' என்று ஒரு சத்தம். நீலமாக ஒரு மின்னல். பெட்டிக்குள்ளிருந்து புகை சுருள் சுருளாக எழும்பியது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உள்ளே சாமி இறங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மணியத்தின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. திரை கறுப்பு. பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்துவிட்டன.

அந்த நேரம் பார்த்து மேஜைப் போன் அடித்தது. எங்களுடையது பழைய போன். யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டாது. ராசியான நம்பர் என்று நான் மாற்ற விடவில்லை.

"அண்ணே, நான்தான் பேசறேன். தெரியுதா?" என்றது ஒரு பெண் குரல்.

"உங்கள தெரியாமலாக்கா!" என்றேன். குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது போய் யார் என்று கேட்க முடியுமா?

"இல்லண்ணே, பொண்ணு பயந்துக்கிட்டே இருக்கு. நாளைக்குக் காலையில தாலி. இடம் மாறிப் போச்சே, சரியா வந்துருமான்னு ஒரே அழுகை. மறக்க மாட்டீங்களே?"

"மறக்கறதா? நானா? இப்ப உங்க வீட்டிலேருந்து அந்த இடத்துக்கு எப்படிப் போறதுன்னு மட்டும்..."

"வீட்டிலேருந்து எதுக்குப் போறீங்க? நேரா அங்கயே போயிருங்க."

"அங்கேன்னா... அங்கதானே?"

"ஆமாண்ணே, அங்கயேதான். காலையில சொன்னேனே. மருதாணி போட ஆள் வந்துட்டாங்க, வச்சிடறேன். உங்கள நம்பித்தான் இருக்கோம்."

வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். எந்தக் குடியிருப்புத் தாமான், எந்த மண்டபம், எந்தப் பெண்? எங்கேயோ ஒரு பெண் பயந்து அழுதுகொண்டிருக்கிறாள். நாளைக் காலையில் மாலையோடு வந்து நிற்கப்போகிறாள், மேலே வெறும் வானம்தான் இருக்கும். அவளைச் சமாதானப்படுத்த அவள் அம்மா சொன்ன ஒரே பெயர் என்னுடையது. அந்த ஒரு விநாடியில் என் அத்தனை பந்தலும் என் தலை மேலேயே சரிந்தது போல இருந்தது.

தலைக்குள் தேடினேன். வாழ்நாள் முழுக்க எல்லாப் பந்தலும் இருந்த தலை அது. உள்ளே 'ஆயுத பூஜை வாழ்த்துகள்' மட்டும் பூ வரைந்து இருந்தது.

தேன்மொழிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். (ஈரப்பதம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று சொன்னதாக ஞாபகம்.)

"எந்தப் பெட்டி மாமா?"

"பெரிசு."

"சின்னது?"

"அதுக்கு இன்னும் பூஜை பண்ணலம்மா. சுவத்துக்கு அந்தப் பக்கம்ல இருக்கு."

ஒரு பெருமூச்சு கேட்டது. "அது பக்கம் போகாதீங்க. தொடாதீங்க. பார்க்கக்கூட வேணாம். அரை நாள் லீவு எடுத்துட்டு வரேன்."

பார்க்காமல் எப்படி இருப்பது? அண்டா மேல் அது உட்கார்ந்திருக்க, எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு நான் உட்கார்ந்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாமி உட்காரும் இடத்திலிருந்து நான் விரட்டிவிட்ட பெட்டி அது. மணியம் மங்கு எடுக்க உள்ளே வந்தபோது, "செருப்பைக் கழட்டிட்டு வாடா" என்று என் வாய் தானாகச் சொன்னது. அவனும் கழற்றினான்.

தேன்மொழி வந்தாள். வரும் வழியில் கெலுகோர் வீட்டிலிருந்து மாத ஆரம்பத்துக் காப்பியையும் எடுத்து வந்திருந்தாள். பெரிய பெட்டியை எட்டிப் பார்த்தாள். தட்டு இருக்கும் டப்பா மேலெல்லாம் மஞ்சள். "மங்களகரமா இருக்கு" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

காப்பியைத் தன் லேப்டாப்பில் ஏற்றினாள். இப்போது மாத ஆரம்பம் வரைக்கும் எங்கள் கடை உயிரோடு இருந்தது. பிறகு சின்னப் பெட்டியை லேப்டாப்போடு கேபிளில் கோத்தாள்.

"இனிமே ஜேர்னல்ல எழுதினதெல்லாம் எழுதின வரிசையிலேயே திரும்ப நடக்கும் மாமா. ஒவ்வொன்னா திரையில காட்டச் சொல்லியிருக்கேன். சரியா வருதான்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க."

அதன் பிறகு நான் கண்டதை எப்படிச் சொல்வது? எத்தனையோ கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பந்தல் போட்டவன் நான். கலசத்தில் தண்ணீர் விழும்போது ஊரே அழும், நான் கம்பம் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவனுக்கு அன்று உடம்பு சிலிர்த்தது.

முதல் வரி வந்தது. பிறையில் ஒரு காதுகுத்து. பிறகு ஒரு பிறந்தநாள், ஒரு கருமாதி. அந்தக் கருமாதியைப் பதிந்தபோது அந்த வீட்டுப் பையன் போனில் பேச முடியாமல் நின்றது எனக்கு நினைவு வந்தது. ஒரு மாதம் முழுவதும், நான் அடித்த வரிசையிலேயே, ஒன்றையும் விடாமல், ஒன்றையும் முந்தவிடாமல், கண் முன்னால் திரும்ப நடந்தது. நூறு நாற்காலி என்று போட்டுப் பிறகு இருநூறாக மாற்றியிருந்தால், முதலில் நூறு வரும், பிறகுதான் இருநூறு வரும். நான் செய்த தப்பும் வந்தது, திருத்தியதும் வந்தது. மறந்துவிட்டேன் என்று நினைத்த நாளெல்லாம் எங்கேயும் போகவில்லை. சுவருக்கு அந்தப்புறம், அண்டாவின் மேல், இருட்டில், யாரும் கேட்காமல் ஒன்று உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். மணியமும் கும்பிட்டான். (அவன் எதற்கும் கும்பிடுவான், அது வேறு.)

இந்தப் பக்திக்கு நடுவில்தான் பாக்கியம் சுண்டல் கிண்ணத்தோடு வந்து என் பின்னால் நின்றாள்.

திரையில் வந்தது:

விசேஷம்: கல்யாணம். மணமகன்: இராஜமாணிக்கம். மணமகள்: கோகிலவாணி.

சுண்டல் கிண்ணம் மேஜையில் 'டொக்' என்று உட்கார்ந்தது.

"யாருங்க அந்தக் கோகிலவாணி?"

நடந்தது இதுதான். பதிவு போடப் பழகுவதற்காக ஒருநாள் சும்மா ஒரு கல்யாணத்தை அடித்துப் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு என் பெயரையே போட்டேன். பெண்ணின் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் போக விடமாட்டேன் என்றது. அப்போது வானொலியில் யாரோ ஒரு கோகிலவாணிக்குப் பிறந்தநாள் வாழ்த்து வாசித்தார்கள். அதையே போட்டேன். உடனே அழித்தும்விட்டேன்.

"அழிச்சிட்டேனே!" என்றேன் தேன்மொழியிடம்.

"அழிச்சதும் வரும் மாமா. ஆனா அது அடுத்த வரி."

அடுத்த வரி வந்தது: இராஜமாணிக்கம், கோகிலவாணி, ரத்து.

"ஐயோ பாவம், கூடி வரலையா?" என்றாள் பாக்கியம். "மங்கு எத்தனை சொல்லியிருந்தீங்க? என்கிட்ட சொல்லியிருந்தா சுண்டல் கூடப் போட்டிருப்பேனே!"

மணியம் சிரிப்பை அடக்க முடியாமல் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினான்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது கடைசி வரி வந்து நின்றது. பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் நான் பதிந்தது. ஆயர் ஈத்தாம், சரஸ்வதி அம்மாள், மகள் கல்யாணம். இடம்: அடுக்குமாடி வீட்டு வாசல் இல்லை, பசாருக்குப் பின்னால் சமூக மண்டபத் திடல். அதற்குப் பிறகு வெறும் திரை. அதற்குப் பிறகுதானே நான் தண்ணீர் தெளித்தேன்!

"இந்த வீடா? நான் போன வாரமே இடம் பார்த்துட்டு வந்தேனே, தவுக்கே" என்றான் திரும்பி வந்த மணியம். "இது மட்டும் வரலைன்னா நேரா வீட்டு வாசல்லதான் கொண்டு போய் இறக்கியிருப்பேன்."

லோரியில் நானும் ஏறிக்கொண்டேன். திடலில் பந்தல் எழும்பியபோது அந்தப் பெண்ணே வந்தாள், கை நிறைய ஈர மருதாணியோடு, எதையும் தொடாமல் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அண்ணாந்து பந்தலைப் பார்த்தாள். சிரித்தாள்.

"பார்த்தியா? அங்கிள் மறக்க மாட்டாருன்னு நான் சொல்லல?" என்றார் அவளுடைய அம்மா.

"நானா மறப்பேன்?" என்றேன். போய் ஒரு கம்பத்தைத் தேவையில்லாமல் ஆட்டிப் பார்த்தேன்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. புதுப் பெரிய பெட்டி வந்துவிட்டது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் தேன்மொழி லீவு போட்டுவிடுகிறாள். இரண்டு பெட்டிக்கும் அவளே விரல் நுனியால் ஒரு பொட்டு வைப்பாள், நான் சொம்போடு வாசல் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். வீட்டில் நான் ஏதாவது செய்ய மறந்தால், "கோகிலவாணி கிட்ட கேளுங்க, அவகிட்ட எழுதி வச்சிருப்பீங்க" என்கிறாள் பாக்கியம். சின்னப் பெட்டிக்கே இப்போது கோகிலவாணி என்றுதான் பெயர். மணியம்கூட, "தவுக்கே, அண்ணி பக்கத்தில மங்கு எடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறான். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்கிறேன்.

பொறுக்க முடியாதது ஒன்றுதான். போன மாதம் தேன்மொழி தன் ஃபேக்டரியில் புது ஆட்களுக்கு வகுப்பு எடுத்தாளாம். ஜேர்னலை எங்கே வைக்க வேண்டும்? டேட்டாபேஸ் இருக்கும் தட்டில் வைக்காதே, வேகம் போகும். அதே பெட்டியில் வைக்காதே, ஒன்று போனால் இரண்டும் போகும். முடிந்தால் அதே அறையிலும் வைக்காதே. இப்படிச் சொல்லி, எங்கள் கடைக் கதையையும் சொன்னாளாம். எல்லாரும் கைதட்டினார்களாம்.

"என் பேரைச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"தண்ணி தெளிச்சது யாருன்னு சொன்னேன் மாமா."

"ஓட்டை போட்டது யாருன்னு?"

"நீங்க சாமி படத்துக்கு இடம் வேணும்னுதானே தள்ளினீங்க!"

காரணத்தை யார் கேட்டார்கள்? தனித் தட்டு அவள் யோசனை. (அதையும் முதலில் நான்தான் சொன்னேன், போகட்டும்.) ஆனால் தனி அறை? பக்கத்திலேயே வைத்திருந்தாள் அவள். ஓட்டையைப் பார்த்து 'பரவால்ல' என்று அவள் சிரித்த சிரிப்பே இதற்குச் சாட்சி. அன்றைக்கு நான் வீசிய வீச்சில் அந்த அலமாரியில் இருந்த எதுவும் மிஞ்சியிருக்காது. அங்கே வைத்த படத்தில் முருகன் முகத்தில் இன்னும் மஞ்சள் கறை இருக்கிறது, வந்து பாருங்கள். ஆகவே, அடுத்த வகுப்பிலிருந்து அந்தப் பாடத்தில் இப்படி ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும் என்று இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன்: சுவரில் ஓட்டை போட்டவர், ஆறாம் வகுப்பு, இராஜமாணிக்கம்.